இடுப்பை அளக்க ஒரு கயிறு போதும்

வயலை விட்டு வந்தபின் உடம்பு ஊதிவிட்டதென்று கல்முனைக் கரையோரத்து உம்மாமார் பலர் சொல்வதுண்டு. நாற்று நட்டுக் களை பிடுங்கிய உடம்பு வீட்டுத்திட்டத்துக்குள் முடங்கியது ஒரு காரணம். மற்றது வயது. 50ஐ அண்டி மாதவிடாய் நிற்கையில் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் குறைகிறது. பிட்டத்திலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. தசையும் குறைவதால் தராசு பழைய நிறையையே காட்டக்கூடும்.

கிளினிக்கில் பார்க்கும் உடற்திணிவுச் சுட்டி என்பது கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இருமுறை பிரிப்பது. 150 சென்ரிமீற்றர் உயரம், 60 கிலோ என்றால் 26.7. ஆசியருக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. ஆனால் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது.

அதற்கு இடுப்பை அளக்கவேண்டும். சேலை கட்டும் இடத்தில் அல்ல; கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல், நாடாவை இறுக்காமல் அளவுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80 சென்ரிமீற்றர்.

நாடா இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த நீளம் இடுப்பைச் சுற்றி எட்டவேண்டும். மகளோ மருமகளோ வீட்டுக்குள்ளேயே அளந்துவிடலாம். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

எட்டாதவர்கள் பட்டினி கிடக்கவேண்டாம்; சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்காக 1996இல் தொடங்கிய ‘வெல் வுமன்’ கிளினிக்கில் இதற்குக் காசு இல்லை. எந்த நாளில் நடக்கிறதென்று உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.