மாசத்துல ஒரு ஞாயிறு மாலுக்குப் பதிலா சென்னை: எங்க வீட்டுக் கணக்கு

போன ஏப்ரலில் ஆடிட் வேலையெல்லாம் கொஞ்சம் அடங்கினதும், ரொம்ப நாளாத் தள்ளிப்போட்ட ஒரு கணக்கைத் திறந்தேன். கிளையண்ட் கணக்கு இல்ல, எங்க வீட்டுக் கணக்கு. ‘வெளியே போனது’ என்ற தலைப்பில் மட்டும் ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ₹86,000. எக்செல் ஃபார்முலாதான் தப்புன்னு நினைச்சேன். இல்ல, சரியாத்தான் இருந்துச்சு.

ஒரு மால் ஞாயிறைப் பிரிச்சுப் பாருங்க. மூணு சினிமா டிக்கெட், புக்கிங் கட்டணத்தோட ₹700. பாப்கார்ன், கூல்ட்ரிங்ஸ் ₹700. ப்ளே ஏரியா ₹800. ஃபுட் கோர்ட் ₹1,100. பெட்ரோல், பார்க்கிங் ₹300. மொத்தம் ₹3,600. மாசம் ரெண்டு தடவை.

அதைவிடக் குத்தினது வேற. ஸ்கூல்ல ‘எங்கள் ஊர்’ பத்தி எழுதச் சொன்னப்போ, ஏழு வயசுப் பொண்ணு எழுதிட்டு வந்தது மூணு மால் பேர். நான் ஆர்டிகிள்ஷிப் பண்ணின காலத்துல ஸ்டைபண்டில் கையில ஒண்ணும் நிக்காது. அதனாலேயே ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி பாரிமுனை, மயிலாப்பூர், ராயபுரம்னு சுத்துவேன். சம்பளம் வர ஆரம்பிச்சதும் ஊர் சின்னதாயிடுச்சு.

மாலை ஒரேடியா நிறுத்தல. ரெண்டுல ஒண்ணை மட்டும் மாத்தினோம்.

முதல்ல எழும்பூர் மியூசியம். 1851-ல ஆரம்பிச்சது. மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினா பக்கம்தான். மெட்ரோவில் அதிகபட்ச டிக்கெட்டே ₹50. மூணு பேர் போக வர எவ்வளவு தூரமானாலும் ₹300 தாண்டாது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காட்டணும்னு நான் ஆசையாக் கூட்டிட்டுப் போனா, பொண்ணு திமிங்கல எலும்புக்கூட்டை விட்டு நகரவே இல்ல. சரி, அவ டிக்கெட், அவ இஷ்டம். டிபன், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து அன்னைக்கு ₹900-க்குள்ள முடிஞ்சது.

அப்புறம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கு, உள்ளே போகக் காசு கிடையாது. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். இன்னொரு நாள் பீச் ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயின் ஏறி அடுத்த ஸ்டேஷன் ராயபுரத்தில் இறங்கினோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல கிளம்பின இடம். செலவு, டீயும் பன்னும்தான். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்ல, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஒரு தடவை சொதப்பினேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, கேப் பிடிச்சு வண்டலூர் போய் நின்னா கேட் பூட்டியிருக்கு. அங்கே செவ்வாய் விடுமுறை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. கேப் காசு போச்சு, பொண்ணோட அழுகையை நிறுத்த அன்னைக்கும் மால்தான்.

இப்ப மிச்சம். 3,600-ல 900 போனா 2,700. பன்னிரண்டு மாசத்துக்கு ₹32,400. சும்மா விட்டா இது ஸ்விக்கியில கரைஞ்சிடும். அதனால சம்பளம் வந்த அன்னைக்கே ₹2,700 பொண்ணோட செல்வமகள் கணக்குக்குப் போற மாதிரி வச்சுட்டேன். பத்து வயசுக்குள்ள ஆரம்பிக்கணும், 15 வருஷம் கட்டணும், ஆரம்பிச்ச நாளிலிருந்து 21 வருஷத்தில் முதிர்வு. புது ரெஜிமில் 80சி கழிவு கிடையாது, ஆனா வட்டிக்கு ரெண்டு ரெஜிமிலும் வரி இல்ல. பையன்னா பிபிஎஃப் பாருங்க. ஆனா ஒண்ணு: கிரெடிட் கார்டுல மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டிருக்கீங்கன்னா, இந்த ₹2,700 முதல்ல அங்கேதான் போகணும். மாசத்துக்கு மூணரை சதவீதம் வட்டி, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி. எந்தச் சேமிப்புத் திட்டமும் அதுக்கு ஈடு கொடுக்காது.

வீடியோ போட்டப்ப நிறையப் பேர் கேட்டது: “சார், ஜூ டிக்கெட், கேப் பில் எல்லாம் எல்டிஏ-ல போடலாமா?” முடியாது. லீவு எடுத்து இந்தியாவுக்குள்ள வெளியூர் போற பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய ரெஜிமில், நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு தடவை. சாப்பாடு, ஹோட்டல் பில் வராது. யாராவது பில் ‘ரெடி பண்ணித் தரேன்’னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

இந்த மாசம் எங்க போறதுன்னு பொண்ணுதான் முடிவு பண்றா. மறுபடி திமிங்கலமாம்.