கடலுக்குப் போகும் ஜிபிஎஸ்: எதைப் பார்த்து வாங்கணும்?

"கையில போன் இருக்கு, அதுலயே ஜிபிஎஸ் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு கருவி?" மீன்பிடிக்கப் போகும் இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். டவர் கிடைக்காவிட்டாலும், சிம் கார்டே போடாவிட்டாலும் போனில் உள்ள ஜிபிஎஸ் வேலை செய்யும். அது சிக்னல் வாங்குவது நேரடியாகச் செயற்கைக்கோளிடமிருந்து. நெட் இல்லையென்றால் முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஈரக் கையால் தொட்டால் டச் ஸ்கிரீன் கேட்காது. உச்சி வெயிலில் திரை தெரியாது. சூடேறினால் போன் தானாகவே அணைந்துவிடும். இரண்டு மூன்று நாள் தங்கல் என்றால் சார்ஜும் நிற்காது. அதனால் போன் துணைக்கு இருக்கட்டும். வழி பார்க்கத் தனிக் கருவி நல்லது.

இது அரசு இதழ், எந்த பிராண்ட் என்று சொல்ல மாட்டோம். கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

பெட்டியில் 'ஐபிஎக்ஸ்7' என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அர்த்தம். ஆனால் நீர் புகாத கருவி எல்லாம் மிதக்கும் கருவி கிடையாது. "கடலில் விழுந்தால் மிதக்குமா?" என்று தனியாகக் கேளுங்க. மிதக்காது என்றால் கயிறு போட்டு லைஃப் ஜாக்கெட்டோடு கட்டிவிடுங்க. பட்டன் வைத்த மாடல், பென்சில் பேட்டரி போடும் மாடல் என்றால் கடல் வேலைக்கு வசதி. மாற்று பேட்டரியைத் தண்ணீர் புகாத கவரில் வைத்துக்கொண்டால் நடுக்கடலில் சார்ஜர் தேட வேண்டாம்.

உள்ளே எலக்ட்ரானிக் திசைகாட்டி இருக்கிறதா என்பது பலர் கேட்க மறக்கும் விஷயம். அது இல்லாத கருவி, படகு ஓடும்போதுதான் சரியான திசை காட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்தால் அம்புக்குறி கண்டபடி சுற்றும். கூடுதல் பணம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுக்கலாம். கேமரா, கலர் ரோடு மேப் எல்லாம் கடலில் வீண். பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும் வசதி, வானம் மறையும் காட்டிலும் மலைச்சரிவிலும்தான் பெரிதாக உதவும். திறந்த கடலில் சாதாரணக் கருவியே சில மீட்டர் துல்லியத்தில் காட்டிவிடும்.

வாங்கியாச்சு. இனிமேல்தான் முக்கியமான வேலை. ஒரே இடத்தை எழுத மூன்று முறைகள் இருக்கின்றன: டிகிரியை மட்டும் தசமத்தில் எழுதுவது, டிகிரியும் தசம நிமிடமும் எழுதுவது, டிகிரி–நிமிடம்–விநாடி என எழுதுவது. பக்கத்துப் படகுக்காரர் போனில் "ஒன்பது பதினேழு" என்கிறார். அவர் சொன்னது 9 டிகிரி 17 நிமிடம், அதாவது ராமேசுவரம் இருக்கும் அட்சரேகை. உங்கள் கருவி முதல் முறையில் இருந்து, நீங்கள் 9.17 என்று அடித்தால்? அது 9 டிகிரி 10.2 நிமிடம். கருவி உங்களைச் சுமார் 12.6 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய் நிறுத்தும். 17.50 நிமிடத்தை 17 நிமிடம் 50 விநாடி என்று போட்டாலும் 600 மீட்டருக்கு மேல் தவறும். ஒரு பாரைத் தவறவிட அதுவே போதும்.

எல்லைக்கோட்டுப் பக்கம் இந்தத் தவறு மீன் கிடைக்காததோடு முடியாது. பாக் நீரிணையில் இந்தியா–இலங்கை எல்லையை 1974 ஒப்பந்தம் புள்ளிகளாகக் குறித்திருக்கிறது. அதில் ஒரு புள்ளி 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 22.60 நிமிடம் கிழக்கு. எல்லாம் தசம நிமிடம். அதனால் கருவியையும் அதே முறைக்கு மாற்றி, 'டபிள்யூஜிஎஸ் 84' அமைப்பில் வையுங்க. எல்லைப் புள்ளிகளை அடுத்தவர் கருவியிலிருந்து காப்பி செய்ய வேண்டாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பதியுங்க. நெருங்கினால் ஒலிக்கும் அலாரம் இருந்தால், கோட்டின் மேலேயே வைக்காமல் நன்றாக உள்ளே தள்ளி வைக்கணும். வலை விரித்திருக்கும் படகு நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு அறிவிக்கிறது. அதைப் பதியும்போதும் எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்க.

இன்னொன்று. ஜிபிஎஸ் உங்கள் இடத்தை உங்களுக்குத்தான் சொல்லும், கரையில் யாருக்கும் சொல்லாது. வீட்டில் "ஜிபிஎஸ் கொண்டுபோயிருக்கார், கண்டுபிடிச்சுடுவாங்க" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆபத்தில் தகவல் அனுப்புவது அபாய அறிவிப்புக் கருவி, டிரான்ஸ்பாண்டர், விஎச்எஃப் ரேடியோ இவைதான். ரேடியோவில் சேனல் 16. டவர் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. அழைத்ததும் கருவியில் தெரியும் எண்ணை அப்படியே படித்துக் காட்டுங்க, நிமிடமா விநாடியா என்பதையும் சேர்த்து.

ஆன்லைனில் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. மத்திய தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ்சுக்கு அந்தத் தடை இல்லை.

முதல் நாளே ஆழ்கடலுக்குக் கொண்டுபோகாதீங்க. துறைமுக வாயிலில் ஒரு புள்ளி பதித்து, பகலில் கரை தெரியும் தூரம் போய், கருவியை மட்டும் பார்த்துத் திரும்பி வாங்க. அம்புக்குறி நேர்க்கோட்டில்தான் இழுக்கும். நடுவில் மணல்திட்டு இருப்பது அதற்குத் தெரியாது. கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரே கோட்டில் வைத்து இடம் சொல்லும் பெரியவர் ஒருவரையும் படகில் ஏற்றிக்கொள்ளுங்க. அவர் சொல்லும் இடமும் கருவி சொல்லும் இடமும் ஒத்துப்போகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.