திரைக்கும் கரை உண்டு

உரைநடை உலகம்

நுழையும்முன்

'திரை' என்னும் சொல்லுக்குத் தமிழில் அலை என்பது பொருள். மறைக்கும் சீலை என்பதும் பொருள். தொலைக்காட்சியும் அலைபேசியும் வந்தபின் ஒளிரும் பரப்பையும் அச்சொல் குறிக்கலாயிற்று. கடல்திரையோடு அளவறிந்து பழகியவர்கள் வாழும் கரையிலும் இன்று வீட்டுத்திரை அளவின்றி நுழைந்திருக்கிறது. குழந்தைகளின் திரைநேரத்தை நெறிப்படுத்துவது யார் கடமை, அதற்குரிய வழி யாது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

எல்லை அறிந்த கரை

மன்னார் வளைகுடாவை ஒட்டிய தூத்துக்குடி, கடலால் வாழும் ஊர். எனினும் கடலுக்குள் செல்வதற்கு அங்கே காலவரையறை உண்டு. விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீனினம் பெருகுவதற்காகக் கடலுக்கு அளிக்கப்படும் ஓய்வு அது.

இவ்வூருக்குப் பெயர் தேடித்தந்த முத்துக்குளிப்பும் எல்லைக்கு உட்பட்ட தொழிலாகவே இருந்தது. முத்துப் பார்களை அரசு முதலில் ஆய்வு செய்யும். சிப்பிகள் முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்புக்கு இசைவு அளிக்கும். குளிப்பவர் கல்லின் எடையோடு ஆழத்தில் இறங்குவார். அவருடைய கயிற்றின் மறுமுனையைப் படகில் நிற்பவர் பற்றியிருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் மேலே இழுப்பது அவர் பொறுப்பு. சிப்பி எவ்வளவு கிடைத்தாலும் மூச்சின் அளவுக்கு மேல் ஆழத்தில் தங்க இயலாது. 1961ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆழத்தில் இறங்குபவருக்குக் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும் என்னும் அத்தொழிலின் நெறியோ, இன்றைய வீடுகளுக்கும் தேவைப்படுகிறது.

போராடிப் பெற்ற ஓய்வு

ஓய்வுநேரத்தின் அருமையை உணர்ந்த ஊர் தூத்துக்குடி. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று அங்குள்ள கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஊதிய உயர்வோடு வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நிருவாகம் இறங்கிவந்தது. ஊதியம் உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்று.

இவ்வாறு பெற்ற ஓய்வை இன்றைய குடும்பங்கள் எவ்வாறு செலவிடுகின்றன? ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தை கையில் ஓர் அலைபேசியும், தாய் எதிரில் தொலைக்காட்சித் தொடரும், மகன் கையில் விளையாட்டுமாக ஒரே கூரையின்கீழ் மூவரும் தனித்தனியே இருக்கும் காட்சி பல வீடுகளில் காணத்தக்கது. அன்று ஆலையிடமிருந்து மீட்ட நேரம் இன்று ஓசையின்றித் திரையிடம் சென்றுகொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் வந்த அலை

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைகள் எட்டாத தென்கடற்கரை ஊர்களில், 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியின் நிகழ்ச்சிகளை உயரமான ஆண்டெனாக்களை நட்டுப் பார்த்தவர் பலர். தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருக்கும். திண்ணையிலும் சன்னலோரத்திலும் அண்டை வீட்டார் கூடியிருப்பர். 1993இல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தது. 2006இல் தமிழ்நாடு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியபின், ஏழை எளியோர் வீடுகளுக்கும் திரை சென்று சேர்ந்தது.

2020இல் கொரோனா பெருந்தொற்று பள்ளிக்கதவுகளை மூடியபோது இதே திரை வகுப்பறையாயிற்று. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, அரசுப் பள்ளி மாணவர்களின் இல்லந்தோறும் பாடங்களைக் கொண்டுசென்றது. அலைபேசி வழியாக வகுப்புகள் நடைபெற்றன. பள்ளிகள் திறந்த பின்னரும் பாடத்திற்காக வாங்கிய அலைபேசி குழந்தையின் கையிலேயே தங்கிவிட்டது. எனவே, திரையை முற்றிலும் தீயது என்று ஒதுக்குவது பொருந்தாது. எப்போது, எவ்வளவு, எதற்காக என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

முடிவில்லா ஆட்டம்

முற்காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. இன்றைய காணொளித் தளத்தில் ஒன்று முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகிறது. அலைபேசி விளையாட்டில் ஒரு கட்டத்தை வென்றவுடன் மற்றொரு கட்டம் திறக்கிறது. பரிசு எப்போது கிடைக்கும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. உறுதியாகக் கிடைக்கும் பரிசைவிட எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் என்பதை உளவியலறிஞர் ஸ்கின்னர் தம் ஆய்வுகளில் காட்டினார். விளையாட்டுகளை வடிவமைப்போர் இவ்வியல்பை நன்கு அறிவர். ஆகவே, ஆட்டத்தை நிறுத்த இயலாத குழந்தையை 'அடம்பிடிக்கும் பிள்ளை' என்று மட்டும் பழிப்பது முறையன்று. நிறுத்தற்புள்ளி இல்லாத வாக்கியத்தை அக்குழந்தையிடம் கொடுத்திருப்பவர்கள் பெரியவர்களே.

இரவில் தொடரும் ஆட்டம் முதலில் உறக்கத்தைக் குறைக்கிறது. உறக்கம் குறைந்த மாணவர் மறுநாள் வகுப்பில் கவனம் இழக்கிறார். பின்னர் எரிச்சல், உடற்பயிற்சிக் குறைவு, கண்சோர்வு ஆகியன தொடர்கின்றன. நாள்தோறும் வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பு குறைவு என்றும் ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம். 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 1 மணிக்கு மிகாமலும், 5 முதல் 10 வயது வரை 2 மணிக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். வளரிளம் பருவத்தினர் உறக்கம், படிப்பு, உடலுழைப்பு, குடும்ப உரையாடல் ஆகியவற்றுக்குரிய நேரம் குறையாதவாறு திரைநேரத்தை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 'விளையாட்டு அடிமைநிலை'யை நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. இப்பட்டியல் 2022ஆம் ஆண்டு சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளைவிட ஆட்டத்தையே முதன்மையாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இந்நிலை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தால் மட்டுமே நோயாகக் கருதப்படும். விரும்பி விளையாடும் ஒவ்வொரு குழந்தையும் நோயாளி அன்று.

சட்டம் செல்லும் தொலைவு

இச்சிக்கலைச் சட்டத்தால் தீர்க்கப் பல நாடுகள் முயன்றுள்ளன. தென்கொரியா 2011இல், 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடுவதைத் தடைசெய்தது. சிறுவர்கள் பெற்றோரின் அடையாள எண்ணைப் பயன்படுத்தினர். சட்டத்தின் வரம்புக்குள் வராத அலைபேசி விளையாட்டுகளும் பெருகின. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. சீனா 2021இல், வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே சிறார் விளையாடலாம் என வரையறுத்தது.

தமிழ்நாட்டில் 2025இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் சிறார் ஈடுபடுவதைத் தடுத்தன. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை அவ்விளையாட்டுகளுக்குள் நுழைய எவருக்கும் இசைவில்லை என்றும் விதித்தன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. சூதின் வாயிலை அடைக்கச் சட்டம் இன்றியமையாதது. ஆனால், வீட்டுக் கூடத்தில் மாலை 7 மணிக்கு எது ஒளிர வேண்டும் என்பதைச் சட்டம் முடிவு செய்ய இயலாது.

ஏழு மணிச் சங்கு

சட்டத்தால் இயலாததை ஒரு சிற்றூர் தன் முயற்சியால் செய்து காட்டியது. மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் ஊர் உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 3000. பெருந்தொற்றுக்குப்பின் பிள்ளைகள் படிப்பில் நாட்டமிழந்து திரையிலேயே மூழ்கியிருப்பதைக் கண்ட ஊராட்சியினர், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்கூட்டத்தில் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். நாள்தோறும் இரவு 7 மணிக்குக் கோவிலில் சங்கு ஒலிக்கும். உடனே எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சியும் அலைபேசியும் அணைக்கப்பட வேண்டும். ஒன்றரை மணிநேரம் பிள்ளைகள் படிக்கலாம். பெரியவர்கள் படிக்கலாம், பேசலாம். 8.30 மணிக்கு மீண்டும் சங்கு ஒலிக்கும்.

தொடக்கத்தில் ஆண்கள் சிலர் இதனை எள்ளி நகைத்தனர். பெண்களின் கூட்டத்தில்தான் திட்டம் வலுப்பெற்றது. தாங்களும் தொடர்களில் மூழ்கியிருப்பதை ஒப்புக்கொண்ட அவர்கள், ஊர் முழுவதும் ஒருசேர அணைப்போம் என்றனர். அங்கன்வாடிப் பணியாளர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் வீடுவீடாகச் சென்று நினைவூட்டினர்.

இத்திட்டத்தின் வலிமை, அது குழந்தைகளுக்கு மட்டும் விதிக்கப்படாமையே. 'நீ அணை, நான் பார்ப்பேன்' என்னும் கட்டளையைக் குழந்தை மனம் ஏற்பதில்லை. 'எல்லாரும் அணைப்போம்' என்பதை ஏற்கிறது.

வெற்றிடத்தை நிரப்புதல்

திரையை அணைத்தபின் எஞ்சும் நேரத்தில் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை தராத கட்டுப்பாடு நெடுநாள் நில்லாது. சென்னையைச் சேர்ந்த வைசாலி, சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சியில் கேலிச்சித்திரப் படங்களை மிகுதியாகப் பார்த்தார். அதிலிருந்து அவரை விடுவிக்க விரும்பிய பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காள் ஆடுவதைக் கண்டு தம்பி பிரக்ஞானந்தாவும் காய்களைக் கையிலெடுத்தார். 2018இல் தம்பியும் 2023இல் அக்காளும் கிராண்ட்மாஸ்டர் நிலையை எய்தினர். உலகில் உடன்பிறந்த அக்காளும் தம்பியும் அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை. 2024இல் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இருவரும் இடம்பெற்றிருந்தனர்.

தொலைக்காட்சியை நிறுத்தும் எல்லாக் குழந்தைகளும் உலக வாகையர் ஆவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. வைசாலியின் பெற்றோர் ஒன்றைப் பறித்ததோடு நில்லாமல், அதன் இடத்தில் மற்றொன்றை வைத்தனர் என்பதே கருதத்தக்கது. 2022இல் பிரக்ஞானந்தா உலக வாகையர் கார்ல்சனை முதன்முறை வென்றது இணையவழிப் போட்டியில்தான். ஆக, நோக்கம் தெளிவாக இருக்குமானால் திரையும் ஆடுகளம் ஆகும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இத்தகைய மாற்றுகளுக்குக் குறைவில்லை. கோவில்பட்டி வளைகோல் பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்றது. முத்துநகர்க் கடற்கரையும் ரோச் பூங்காவும் மாலைநேரத்தில் ஓடியாட இடம் தருகின்றன. கடல் தந்த சோழிகளைக் கொண்டு ஆடும் பல்லாங்குழியும் தாயமும் பாட்டியையும் பெயர்த்தியையும் எதிரெதிரே அமர்த்தும்.

கயிறு பிடிக்கும் கைகள்

உப்பளத் தொழிலாளர் விடியுமுன்னே வேலைக்குச் செல்கின்றனர். படகில் செல்லும் தந்தை இரவில்தான் திரும்புகிறார். துறைமுகப் பணியோ முறைவைத்து இரவிலும் தொடர்கிறது. இத்தகைய வீடுகளில் அலைபேசியே குழந்தைக்குக் காவலாள். களைத்து வரும் பெற்றோரைக் குறைகூறுவதால் பயனில்லை. அவர்களால் இயலும் எளிய வழிகளே வேண்டும்.

முதலாவது, திரைநேரத்தைக் குழந்தையோடு கலந்துபேசி முடிவு செய்து, நாள்காட்டியின் அருகில் எழுதி ஒட்டலாம். தானும் சேர்ந்து வகுத்த விதியைக் குழந்தை எளிதில் மீறுவதில்லை. இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே அலைபேசியைப் பிடுங்காமல் பத்து நிமிடங்களுக்கு முன்னரே அறிவித்து, ஒரு கட்டம் முடியும் இடத்தில் நிறுத்தச் செய்யலாம். மூன்றாவது, உணவுவேளையில் எவர் கையிலும் அலைபேசி வேண்டாம். உறங்குவதற்கு ஒரு மணிநேரம் முன்பே, வீட்டிலுள்ள எல்லா அலைபேசிகளையும் கூடத்தில் ஓரிடத்தில் மின்னேற்றத்திற்கு வைத்துவிடலாம். நான்காவது, வாரத்தில் ஒருநாளேனும் குழந்தையின் அருகில் அமர்ந்து, அது என்ன பார்க்கிறது, யாரோடு விளையாடுகிறது என அறிந்துகொள்ளலாம். பெற்றோர் இருவரும் பணியில் இருக்கும் நேரத்தில் தாத்தா, பாட்டி, அண்டை வீட்டார் ஆகியோரும் இவ்விதிகளை அறிந்திருத்தல் நன்று.

இவ்வளவு செய்த பின்னரும் உறக்கமும் உணவும் பள்ளியும் மறந்து குழந்தை ஆட்டத்திலேயே தங்கிவிடுமானால், தயங்காமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்சு நிறுவனத்தில் இதற்கென்றே 2014 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது.

குளிப்பவர் இறங்கும்போது கயிற்றை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பவர் படகில் நிற்கத் தகுதியற்றவர். குளிக்கவே விடாமல் கயிற்றை இறுகக் கட்டிவைப்பவரும் தகுதியற்றவரே. குழந்தை திரையின் ஆழத்தில் இறங்கட்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு உரிய நேரத்தில் மேலே வரட்டும். அதுவரை கயிற்றைப் பற்றியிருக்கும் கை, தன் அலைபேசியைக் கீழே வைத்த கையாக இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் ஒவ்வொருவரும் திரைமுன் செலவிடும் நேரத்தைப் பட்டியலிட்டு, குடும்பத்தினருடன் கலந்துரையாடி, பொதுவிதிகள் ஐந்தினை உருவாக்குக.

2. உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் ஆடிய மாலைநேர விளையாட்டுகளைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா

1. 'திரை' என்னும் சொல்லின் பொருள்களை எழுதுக.

2. தென்கொரியாவின் இரவுநேரத் தடைச்சட்டம் நிலைக்காமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

3. மோகித்யாஞ்சே வட்காவ் ஊரின் திட்டம் பெரியவர்களுக்கு உணர்த்துவன யாவை?

4. 'நிறுத்தற்புள்ளி இல்லாத வாக்கியம்' – இத்தொடரை விளக்குக.

நெடுவினா

5. முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவரின் கடமையையும் இல்லத்தில் பெற்றோரின் கடமையையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.