நோயும் மொழியும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், இர்வின் சாலையில் அமைந்துள்ளது கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனை. மக்கள் இதனைக் 'கே.ஆர். ஆஸ்பத்திரி' என்பர். 1924இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930இல் மைசூருக்கு மாற்றப்பெற்ற மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது இது. மண்டியா, சாமராஜநகர், குடகு ஆகிய மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் இங்கு வருகின்றனர்.

அவசர சிகிச்சைப் பிரிவில், முதலில் வந்தவருக்கே முதல் சிகிச்சை என்பது விதியன்று. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர் சிவப்பு. விரைவில் கவனிக்கப்பட வேண்டியவர் மஞ்சள். சற்றுக் காத்திருக்கக் கூடியவர் பச்சை. பல மருத்துவமனைகள் நோயாளரை இவ்வாறு வகைப்படுத்துகின்றன. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே, காயமுற்றோரைப் பதவி நோக்காமல் காயத்தின் கடுமை நோக்கியே கவனித்தார். அவ்வழியில் வளர்ந்ததே இம்முறை.

கை முறிந்து காத்திருப்பவருக்கு, பின்னர் வந்தவர் முதலில் உள்ளே கொண்டுசெல்லப்படுவதைக் கண்டால் சினம் எழுவது இயல்பு. காரணத்தை ஒருவர் எடுத்துரைத்தால் அச்சினம் தணியும். எனினும் வாளா இருத்தல் கூடாது. காத்திருக்கும்போது வலி மிகுந்தாலோ, மயக்கம் வந்தாலோ, உடனே செவிலியரிடம் கூற வேண்டும். பச்சை சிவப்பாக மாறக்கூடும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றோர் இடர் உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டி தமிழ் மட்டுமே அறிவார். மருத்துவரோ கன்னடத்தில் வினவுவார். இடையே நிற்பவர் நீங்களே. கன்னடமும் தமிழும் ஒரே குடும்ப மொழிகள் ஆதலால் சில சொற்கள் கைகொடுக்கும். தலை 'தலெ' எனவும், கால் 'காலு' எனவும் வழங்கும். வலியைக் குறிக்கும் 'நோவு' இரு மொழிக்கும் பொது. ஆனால் எச்சரிக்கை தேவை. மருத்துவர் 'உசிரு' எனக் குறிப்பது மூச்சை. பாட்டியோ, தம் உயிரைப் பற்றிக் கேட்கிறார் என எண்ணி அஞ்சக்கூடும்.

வலியைச் சொல்லத் தமிழில் சொற்கள் பல: குத்துகிறது, எரிகிறது, பிசைகிறது, கடுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. "நெஞ்சைப் பிசைகிறது, இடக்கையும் கடுக்கிறது" எனப் பாட்டி கூறினால், 'நெஞ்சுவலி' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அவர் சொன்ன அனைத்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுங்கள். எது முக்கியம் என முடிவு செய்வது மருத்துவரின் பணி. வலி தொடங்கிய நேரம், உண்ணும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து ஆகியவற்றையும் தெரிவியுங்கள். பெரியவர் எவரேனும் உடனிருந்தால், பொறுப்பு முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

சிகிச்சை பெறுதல் சலுகையன்று, உரிமை. 1992இல் மேற்கு வங்காளத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளர் ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றது. மருத்துவ ஊர்திக்கு 108 என்னும் எண்ணை அழைக்கலாம்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவர். பாட்டியின் சொல்லைப் பிழையின்றி மருத்துவரிடம் சேர்க்கும் சிறுவரும் அந்த நான்காம் கூறில் அடங்குவர் அன்றோ?

சொற்பொருள்
இடர் – துன்பம்
வாளா – சும்மா
வினவுதல் – கேட்டல்
கூறு – பகுதி

பயிற்சி
1. அவசர சிகிச்சைப் பிரிவில் பின்னர் வந்தவர் முதலில் கவனிக்கப்படுவது ஏன்?
2. 'உசிரு' என்னும் சொல் எவ்வாறு குழப்பம் தரக்கூடும்?
3. வலியைக் குறிக்க உங்கள் வீட்டில் வழங்கும் ஐந்து தமிழ்ச் சொற்களைக் கேட்டு எழுதுக.
4. வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் உண்ணும் மருந்துகளையும் வேளைகளையும் அவரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அதனை எளிதில் எடுக்கும் இடத்தில் வைக்க.