பருவம் குறித்துப் பிரிதல்: தூரத்துக் காதலும் முதல் நாவலும்

முன்னுரை

குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல் என்று உரிப்பொருளை மனப்பாடம் செய்யாமல் தமிழ் இலக்கியத் தேர்வு எழுதியவர் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள். தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடுகிறோம். ஆனால் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஒருவர் தீபகற்பத்திலும் மற்றவர் சபா, சரவாக்கிலுமாக வாழும் இன்றைய இளைஞர்களுக்குப் பாலையும் முல்லையும் அன்றாட அனுபவங்கள். அவர்களில் ஒருவர் நாவல் எழுதவும் தொடங்கிவிட்டால் அந்தப் பிரிவு இரட்டிப்பாகிறது.

இக்கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளாக என் முதல் நாவலை எழுதி வருகிறேன். பேராக்கில் என் பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டம் செம்பனைக்கு மாறியதையும், அங்கிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானதையும் பற்றிய கதை அது. நான் மணக்கவிருப்பவர் சரவாக்கின் உட்புறப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். காதலையும் எழுத்தையும் ஒருசேரக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியபோது, தொல்காப்பியமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஒருவரின் வாழ்க்கையும் எனக்குத் துணை செய்தன. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவுக்கு ஓர் எல்லை

தொல்காப்பியம் பிரிவின் காரணங்களை வகைப்படுத்துகிறது. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பல காரணங்களுக்காகத் தலைவன் பிரிகிறான். நாம் அவ்வளவாகக் கவனிக்காத இன்னொரு செய்தி கற்பியலில் இருக்கிறது. அங்கே பிரிவுக்குக் கால எல்லை விதிக்கப்படுகிறது. கல்விக்காகப் பிரிந்தால் அது மூன்று ஆண்டைக் கடக்கக்கூடாது. வேந்தனுக்குரிய பணிக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள் முடியவேண்டும். பொருள் முதலிய பிற பிரிவுகளுக்கும் இதுவே முறை.

சங்கப் பாடல்களில் இந்த எல்லை கார்காலமாக வருகிறது. மழை தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தலைவன் போகிறான். கொன்றை பூத்தும் அவன் வரவில்லை என்றால் தலைவி கலங்குகிறாள். இது உண்மையான கார்காலம் அன்று, பருவமல்லாத மழையைக் கண்டு கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சமாதானம் சொல்லும் பாடல் குறுந்தொகையில் உண்டு. தோழியின் பொய்யில் ஓர் அடிப்படை மரியாதை இருக்கிறது. குறித்த பருவம் என்பது சொல் தந்த ஒன்று. அது தவறியதாக ஒப்புக்கொள்வதைவிட மரத்தைக் குறை சொல்வது மேல் என்று அவள் கருதுகிறாள்.

ஆகவே நம் மரபு பிரிவைத் தவறாகக் கருதவில்லை. திரும்பும் காலத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதே அது வைக்கும் நிபந்தனை எனலாம்.

குருவாசேயும் பாரிசும்

இனிப் பிரான்சுக்குச் செல்வோம். குஸ்தாவ் ஃப்ளோபேர் 1821இல் ருவான் நகரில் பிறந்தவர். பாரிசில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் 1844இல் நோய்வாய்ப்பட்டுப் படிப்பைக் கைவிட்டார். 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையும், அடுத்துத் தங்கையும் மறைந்தனர். தாயோடும் தங்கையின் கைக்குழந்தையோடும் ருவானுக்கு அருகே சேன் ஆற்றங்கரையில் உள்ள குருவாசே என்ற ஊரில் அவர் வாழ்ந்தார்.

அவ்வாண்டு ஜூலை இறுதியில், பாரிசில் ஒரு சிற்பியின் கூடத்தில் லூயிஸ் கொலேயைச் சந்தித்தார். லூயிஸ் அவரைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்போதே பெயர்பெற்ற கவிஞர். பிரெஞ்சு அகாடமியின் கவிதைப் பரிசைத் தம் வாழ்நாளில் நான்கு முறை வென்றவர். ஃப்ளோபேரோ அன்று ஒரு நூலைக்கூட வெளியிடாத இளைஞர்.

இருவருக்கும் இடையே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பாரிசுக்கும் ருவானுக்கும் 1843இலேயே இரயில் வந்துவிட்டது. விரும்பினால் சில மணி நேரத்தில் சந்தித்துவிடலாம். ஆயினும் ஃப்ளோபேர் அரிதாகவே சென்றார். இடைவழியில் உள்ள மாந்த் என்ற ஊரில் அவ்வப்போது சந்தித்தார்கள். மற்ற நாள்களில் கடிதங்கள்தாம். 1848இல் உறவு முறிந்தது. ஃப்ளோபேர் எகிப்து உள்ளிட்ட கீழை நாடுகளுக்குப் பயணம் போய்த் திரும்பிய பிறகு, 1851இல் மீண்டும் துளிர்த்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் அவர் 'மதாம் பொவாரி' நாவலை எழுதத் தொடங்கினார்.

கடிதம் என்னும் பட்டறை

புதிதாக நாவல் எழுதுவோர் ஃப்ளோபேரின் கடிதங்களைத் தேடிப் படிக்கவேண்டும். இரவு நெடுநேரம் எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைக்குமுன் லூயிசுக்கு எழுதுவார். அன்று எத்தனை வாக்கியம் தேறியது, எந்தக் காட்சி நகர மறுக்கிறது, ஆசிரியர் தம் படைப்பில் எங்கும் முகம் காட்டாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் அவற்றில் விவரிக்கிறார். நாவலில் வரும் விவசாயக் கண்காட்சிக் காட்சி ஒன்றுக்கு மட்டும் 1853இல் பல மாதங்கள் பிடித்தன. ஒரு நாவல் உருவான விதத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணங்கள் உலக இலக்கியத்தில் குறைவு.

இந்தப் பட்டறையில் லூயிஸ் வெறும் பார்வையாளர் அல்லர். அவர் தம் கவிதைகளை அனுப்பினார். ஃப்ளோபேர் தம் நண்பர் லூயி பூய்யேயுடன் உட்கார்ந்து அவற்றை வரிவரியாகத் திருத்தி அனுப்பினார். ஃப்ளோபேர் தம் பழைய கையெழுத்துப் படிகளை லூயிசுக்குப் படிக்கக் கொடுத்தார். தூரம் இல்லாவிட்டால் இவை யாவும் பேச்சோடு போயிருக்கும். பிரிவு எழுத்தைக் கெடுக்கும் என்று பொதுப்படச் சொல்பவர்களுக்கு இக்கடிதங்களே மறுமொழி.

குறிக்கப்படாத பருவம்

ஆனால் அக்கடிதங்களில் இன்னொரு குரலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இந்தப் பகுதி முடியட்டும், பிறகு வருகிறேன் என்பதே அது. ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது தொடங்கும். லூயிஸ் குருவாசேக்கு வந்து தம் தாயைச் சந்திப்பதையும் ஃப்ளோபேர் ஏற்கவில்லை. அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது; நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு வாக்கியத்தோடு போராட முடிந்தது. லூயிசோ 1851இல் கணவரை இழந்தவர். மகளை வைத்துக்கொண்டு, எழுத்து வருவாயைப் பெரிதும் நம்பி வாழ்ந்தவர். ஒருவருடைய கலைக்கு வேண்டிய காலம் மற்றவருடைய வாழ்நாளிலிருந்தும் எடுக்கப்பட்டது.

சங்கத் தலைவன் சுரம் கடந்து போனான். ஃப்ளோபேர் எங்கும் போகவில்லை. தம் வீட்டு மேசையில் இருந்தபடியே பிரிந்தார். நாவல் எழுதுவோரின் பிரிவு அத்தகையது. அதற்குத் தேர்ப்பாகன் இல்லை, பாடிவீடு இல்லை, வெற்றி முரசு இல்லை. எப்போது முடியும் என்று எழுதுபவருக்கே தெரியாது. ஆகவே பருவம் குறிப்பது மிகக் கடினம். தொல்காப்பியர் வகுத்த மூன்று ஆண்டைக் கடந்து, அந்நாவல் ஏறத்தாழ நாலரை ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

அதற்குள் காதல் முடிந்துவிட்டது. தம்மைத் தேடி வந்தால் இனி ஒருபோதும் வீட்டில் இருக்கப் போவதில்லை என்று 1855 மார்ச் 6ஆம் நாள் ஃப்ளோபேர் ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். இதில் எழுத்துலகுக்கும் இழப்பு உண்டு. நாவலின் கடைசிப் பகுதி எழுதப்பட்ட விதத்தை முன்போல நாள்தோறும் பின்தொடர நமக்குக் கடிதங்கள் இல்லை. லூயிஸ் அவருக்கு எழுதிய கடிதங்களும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. உரையாடலில் ஒருவர் குரல் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கிறது.

பரிசும் நாவலும்

1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'மதாம் பொவாரி' இதழொன்றில் தொடராக வந்தது. ஒழுக்கத்துக்கு ஊறு செய்வதாக வழக்குத் தொடரப்பட்டு, 1857 பிப்ரவரி 7ஆம் நாள் ஃப்ளோபேர் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் நூலாக வந்து பெரும் வெற்றி பெற்றது.

அந்நூலைப் படித்த லூயிசுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அவர் ஃப்ளோபேருக்குத் தந்த பரிசில், நெஞ்சில் காதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களைப் பொறித்திருந்தார். நாவலில் எம்மா தன் காதலன் ரொடோல்ஃபுக்குத் தரும் முத்திரையில் அதே சொற்கள் இருந்தன. ரொடோல்ஃபோ எம்மாவைக் கைவிடும் கடிதத்தை எழுதி, கண்ணீர் விழுந்த கறைபோலத் தோன்ற ஒரு சொட்டு நீரை அதன்மேல் விடுபவன். மனம் புண்பட்ட லூயிஸ் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதி வெளியிட்டார்.

எழுதுபவர் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்கவேண்டும்; வேறு வழியில்லை. எனினும் இருவருக்குரிய ஒன்றை எடுக்கும்போது மற்றவரைக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. இன்று கடிதங்களின் இடத்தில் புலனச் செய்திகள் இருக்கின்றன. நள்ளிரவில் ஒருவர் மனம் திறந்து அனுப்பிய குரல்பதிவு மறுநாள் நாவலில் ஓர் உரையாடலாக மாறுவது மிக எளிது.

நமக்கான பாடம்

சென்ற ஆண்டு நானும் அவரும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "நாவல் எப்ப முடியும்னு நான் கேக்கல. இந்த அத்தியாயம் எப்ப முடியும்னு மட்டும் சொல்லு. அதுவரைக்கும் நான் தொந்தரவு பண்ண மாட்டேன்." பேச்சு முடிந்த பிறகும் அச்சொற்கள் என்னை விடவில்லை. வேலைக்காகக் கடல் கடந்து போனவர் அவர். அப்படியிருந்தும், காத்திருக்கும் தலைவியின் இடத்தில் இருந்தவரும் அவரே. பிரிந்து சென்ற தலைவன் நான்.

அன்று நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது, முழு நாவலுக்குப் பருவம் குறிக்க முடியாது, அத்தியாயத்துக்குக் குறிக்கலாம். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு தேதி வைத்தோம். அத்தேதிக்குள் முடியாவிட்டாலும் அன்று மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

இரண்டாவது, பள்ளி விடுமுறையே எங்கள் கார்காலம். அந்த நாள்களில் கையெழுத்துப்படி பெட்டிக்குள் இருக்கும். விமானச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவதால், இந்தப் பகுதி முடியட்டும் என்று தள்ளிப்போட இடமில்லை.

மூன்றாவது, முடிந்த அத்தியாயத்தை முதலில் படிப்பவர் அவர். அவர் தம் மாணவர்களுக்காக எழுதும் சிறு நாடகங்களை நான் படித்துத் திருத்துகிறேன். ஒருவருடைய கனவு மட்டும் வளர்ந்தால் மற்றவர் வெறும் வாசகராகிவிடுவார்.

நான்காவது, அவர் சொன்ன ஒன்று நாவலுக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்கவேண்டும். இதுவரை இருமுறை கேட்டேன். ஒன்றைத் தந்தார். தம் தந்தையின் கடைசி நாள்களைப் பற்றிய மற்றொன்றைத் தர மறுத்துவிட்டார். அது இல்லாமல் அந்த அத்தியாயம் சற்று மெலிந்துதான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடிவுரை

காதலைத் துறந்ததால்தான் ஃப்ளோபேருக்கு நாவல் கைகூடியது என்று வாதிடுவோர் உண்டு. அந்நாவலின் பெரும்பகுதி லூயிசுக்குக் கடிதம் எழுதிய ஆண்டுகளில்தான் உருவானது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். தூரமும் தனிமையும் எழுதுபவருக்குத் தேவை. அவற்றைத் தந்து உதவும் ஒருவர் நமக்கு வாய்த்திருந்தால், திரும்பி வரும் நாளை அவரிடம் சொல்லிவிட்டு எழுத உட்காருவது நம் கடமை.

இவ்விதழைப் படிக்கும் மாணவர்களில் பலர் பேரவையின் சிறுகதைப் போட்டிக்கு எழுதியவர்களாக இருப்பீர்கள். நாளை உங்களில் சிலர் நாவலுக்கு வருவீர்கள். மலேசியத் தமிழுக்கு அந்த நாவல்கள் வேண்டும். முதல் பக்கத்தை எழுதுமுன், தொலைவில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவரை அழைத்து, மழை எப்போது வரும் என்று சொல்லிவிடுங்கள். பிறகு கொன்றை மரத்தின்மீது பழி போட வேண்டியிருக்காது.