அவனைப் பார்த்து வாசிக்காதீர்கள்

கேள்வி: என் தரம் 6 வகுப்பில் உதட்டுப் பிளவுத் தழும்போடு ஒரு மாணவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். மற்றப் பிள்ளைகள் அவன் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறார்கள். 'வொண்டர்' நாவலை வகுப்பில் வாசித்துக் காட்டலாமா?
– ஓர் ஆசிரியை, கட்டுகஸ்தோட்டை

பதில்: தாராளமாக வாசியுங்கள், ஆனால் அவனைப் பார்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள். அவனை உதாரணமாக்கினால் இன்னும் தனியாகிவிடுவான்.

ஆர்.ஜே.பலாசியோவின் இந்த நாவல் 2012இல் வெளிவந்தது. பிறவியிலேயே முக அமைப்பு மாறிய ஓகி, 10 வயதில்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறான். கதையை அவன் மட்டும் சொல்வதில்லை. அக்கா வியாவும் நண்பன் ஜாக்கும்கூடச் சொல்கிறார்கள். ஓகி முகமூடிக்குள் இருப்பது தெரியாமல் ஜாக் அவனை இழிவாகப் பேசும் இடத்தில் நிறுத்திக் கலந்துரையாடுங்கள். நல்ல பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்தால் எப்படி மாறும் என்பது அங்கே புரியும்.

உதட்டுப் பிளவு தொற்றாது, கிரகணத்தால் வருவதுமில்லை. கருவின் ஆரம்ப வாரங்களில் திசுக்கள் முழுமையாக இணையாததன் விளைவு என்பதையும் பொதுவான பாடமாகச் சொல்லுங்கள். இதற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலையிலேயே சத்திரசிகிச்சை செய்கிறார்கள்.

புத்தகம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே வகுப்பு முழுவதற்கும் இருக்கைகளை மாற்றிவிடுங்கள்.