மின்சாரம் போனபின் எத்தனை நிமிஷம்?



நம்மில் கடை வைத்திருப்போர் பலர் பேரேட்டை மூடிவிட்டுக் கணக்கை சர்வர் என்னும் கணினிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். சங்கங்களின் சந்தாக் கணக்கும், மரண சகாய நிதிக் கணக்கும் அப்படியே. பக்கத்தில் யூ.பி.எஸ். என்ற பேட்டரிப் பெட்டியும் இருக்கும். அது இருக்கப் பயமில்லை என்றே நாமும் எண்ணியிருந்தோம். அது தவறென்பதை நஷ்டப்பட்டே கற்றுக்கொண்டோம். ஆகையால் இதை எழுதுகிறோம்.

செனாயில் எமது மளிகைக் கடையில், ஒரு நாள் மாலை இடிமழையில் கரண்டு போயிற்று. யூ.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டியில் 30 நிமிஷம் தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. 12-வது நிமிஷத்தில் எல்லாம் அணைந்தது. மறுநாள் கணக்கு திறக்கவில்லை. பழைய பிரதியைப் போட்டுப் பார்த்தால் கடைசி மூன்று நாள் வரவைக் காணோம். ஓர் அம்மா வந்து, "முந்தாநாள்தானே 80 வெள்ளி பாக்கியைக் கொடுத்தேன்!" என்றார். பெட்டியோ பாக்கி நிற்கிறது என்றது. அவர் பொய் சொல்பவரல்லர், பாக்கியை அடித்துவிட்டோம். ஆனால் கொடுத்துவிட்டுச் சொல்லத் தயங்கியவர்கள் வேறு எத்தனை பேரோ, இன்றுவரை தெரியாது.

குற்றம் எம்முடையதே. ஒரே யூ.பி.எஸ்.ஸில் சர்வரோடு கல்லாக் கணினி இரண்டையும், ரசீது அச்சடிக்கும் இயந்திரத்தையும் மாட்டியிருந்தோம். சுமை இரட்டித்தால் பேட்டரி தாங்கும் நேரம் பாதியாவதில்லை. பாதிக்கும் கீழே போய்விடும். மேலும் பேட்டரிக்கு வயது நாலு. இருந்த இடமோ புழுக்கமான சரக்கறை. இவ்வகைப் பேட்டரிக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி குறையும்.

கரண்டு எப்போது திரும்பும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1996 ஆகஸ்டு 3 மாலை, திரங்கானு மாநிலத்துப் பாக்கா மின்நிலையத்தருகே தொடங்கிய கோளாறால் தீபகற்பம் முழுவதும் பல மணி நேரம் இருண்டது. 2022 ஜூலை 27 அன்று, நமது ஜொகூரிலுள்ள யோங் பெங் துணைமின்நிலையத்தில் கருவி பழுதாகி, பல மாநிலங்களில் பட்டப்பகலில் மின்சாரம் நின்றது. எனவே கரண்டு வரும்வரை பேட்டரியில் வியாபாரம் நடத்தலாம் என்பது வீண் ஆசை. பேட்டரி இருப்பது சர்வரை ஒழுங்காக மூடுவதற்கே. மூடும்போதுதான் நினைவில் நிற்கும் கணக்கெல்லாம் தட்டில் எழுதப்பட்டு முடியும்.

எத்தனை நிமிஷத்தில் மூடுவது? கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும்.

முதலாவது, எல்லாக் கல்லாவும் வேலை செய்யும்போது சர்வரை மூடி, முற்றிலும் நிற்க எவ்வளவு நேரமாகிறதென்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எமக்கு 4 நிமிஷம் ஆயிற்று. அதை இரட்டித்து 8 என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, பேட்டரி உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். சர்வரை மாட்டி இதைச் சோதிக்கலாகாது. அதே வாட் இழுக்கும் விளக்குகளை மாட்டிப் பாருங்கள். புதுப் பேட்டரி போட்டபின் எமக்கு 22 நிமிஷம் கிடைத்தது.

மூன்றாவது, 22-இல் 8 போக மீதி 14 நிமிஷமும் காத்திருக்கலாமே என்று தோன்றும். கூடாது. போன கரண்டு வந்து, அரைமணியில் மறுபடியும் போவதுண்டு. பேட்டரி மீண்டும் நிறையப் பல மணி நேரம் வேண்டும். ஆகவே 5 நிமிஷம் மட்டுமே காத்திருப்பதென்று முடிவு செய்தோம்.

இனி இதை மென்பொருளில் பதியவேண்டும். உதாரணத்துக்கு, ஏ.பி.சி.யூ.பி.எஸ்.டி. என்னும் இலவச மென்பொருளில் மூன்று அளவுகள் உண்டு: பேட்டரியில் ஓடிய விநாடிகள், மிச்சமுள்ள நிமிஷம், மிச்சமுள்ள சதவீதம். எது முந்துகிறதோ அதன்படி சர்வர் மூடத் தொடங்கும். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் முதலாவது வேலை செய்யாது. மற்றவை 3 நிமிஷம், 5 சதவீதம் என்றிருக்கும். மூட 4 நிமிஷம் வேண்டிய பெட்டிக்கு 3 நிமிஷம் எப்படிப் போதும்? எமது கணக்குப்படி அவை 300 விநாடி, 8 நிமிஷம், 50 சதவீதம். பேட்டரி குறைந்திருக்கும் இரண்டாம் தடவையில் பின்னிரண்டும் முந்திக்கொண்டு காப்பாற்றும்.

இன்னும் இரண்டு விஷயம். கணினிகளை இணைக்கும் சுவிட்சுப் பெட்டியும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கட்டும், இல்லையேல் சர்வர் அனுப்பும் "மூடு" என்ற செய்தி கல்லாக்களுக்குப் போகாது. அடுத்து, சர்வர் நின்றபின் யூ.பி.எஸ். தானும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமையுங்கள். துண்டித்து மீண்டும் கொடுத்தால்தான், "கரண்டு வந்ததும் எழு" என்று அமைத்த சர்வர் தானே எழும். அந்தத் துண்டிப்பு, சர்வர் முற்றிலும் நிற்கும் முன் நடந்துவிடாதபடி அவகாசம் கொடுங்கள்.

கடைசியாக, கணக்கைப் பிரதி எடுத்துவிட்டு, கடை அடைத்தபின் ஓரிரவு சோதித்துப் பாருங்கள். யூ.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கவேண்டாம்; சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போதும், எர்த் கம்பி இணைந்தபடி இருக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை இப்படிச் செய்யுங்கள். பேட்டரி தளரத் தளர நிமிஷக் கணக்கும் மாறும். மூன்று முதல் ஐந்து வருஷத்தில் அதை மாற்றத்தான் வேண்டும்.

பிறர் கொடுத்த பணத்துக்கு நம்மிடம் இருக்கும் சாட்சி அந்தக் கணக்கு ஒன்றே. அதற்காக ஓரிரவு கண்விழித்தால் நஷ்டமொன்றுமில்லை.